18 குழந்தைகளுக்குச் சுருக்குப் பாவாடை: எவ்வளவு துணி, எப்படித் தைப்பது?

நீங்கள் எழுதியிருப்பது இது: 6 முதல் 9 வயது வரை 18 குழந்தைகள், ஒரு நடன நிகழ்ச்சி, கையில் மூன்று வாரம். வீட்டில் இருப்பது நேர்த்தையல் மட்டும் போடும் சாதாரண மிஷின். இதுவரை தைத்தது தலையணை உறையும் திரைச்சீலையும். குழந்தைகள் சுற்றும்போது பாவாடை நன்றாக விரிய வேண்டும் என்று நடன ஆசிரியை சொல்லியிருக்கிறார். ஒரு பாவாடைக்கு எவ்வளவு துணி, இடுப்பைப் போல எத்தனை மடங்கு அகலம், சுருக்கு வைக்கும்போது நூல் ஏன் அறுந்துகொண்டே இருக்கிறது என்று மூன்று கேள்வி கேட்டு, மேலே நெட் ஒன்று போட்டால் இன்னும் விரியுமா என்றும் கடைசியில் சேர்த்திருக்கிறீர்கள். ஆனால் அடியில் இருக்கிற கேள்வி வேறு என்று நினைக்கிறேன். தையல் அதிகம் பழகாத ஒருவர் 18 பாவாடையை ஒரே மாதிரி, மேடையில் நழுவி விழாதபடி, நேரத்துக்குள் முடிக்க முடியுமா என்பதுதான் அது. முடியும். ஒரே ஒரு விஷயத்தை விட்டுவிட வேண்டும்: இடுப்பில் நூல் இழுத்துச் சுருக்கு பிடிக்கிற வேலையை. அதை எலாஸ்டிக் பார்த்துக்கொள்ளும்.

நான் தையல் தொழிலில் இருப்பவள். மேடை உடை தைப்பதும் புதிதாகக் கற்பவர்களுக்குச் சொல்லித் தருவதும் அதில் அடக்கம். அந்தப் பழக்கத்தில்தான் இதைச் சொல்கிறேன். சுருக்குப் பாவாடையை இரண்டு விதமாகத் தைக்கலாம். மேல் ஓரத்தில் நீளத் தையல் ஓட்டி, நூலை இழுத்துச் சுருக்கி, தனியாக வெட்டிய இடுப்புப்பட்டியோடு சேர்ப்பது ஒரு விதம். தைத்து முடித்தால் கண்ணுக்கு நேர்த்தியாக இருக்கும். ஆனால் பட்டி ஒவ்வொரு குழந்தையின் இடுப்புக்கும் கச்சிதமாக இருக்க வேண்டும். திறப்பு விட வேண்டும், கொக்கியோ பட்டனோ வைக்க வேண்டும், சுருக்கம் ஒரு பக்கம் குவியாமல் பங்கிட வேண்டும். ஒரு பாவாடைக்கு இது ரசித்துச் செய்யக்கூடிய வேலை. 18 பாவாடைக்கு, அதுவும் முதல் தடவையாக, வேண்டாம். மேல் ஓரத்தை மடித்து அடித்து அதற்குள் எலாஸ்டிக் கோப்பது இரண்டாவது விதம். இதில் திறப்பு இல்லை, பட்டன் இல்லை, இடுப்பு ஒரு இஞ்ச் கூடினாலும் குறைந்தாலும் பாதகமில்லை. உடை மாற்றும் அவசரத்தில் குழந்தையே மாட்டிக்கொள்ளும். முன் பின் மாறிப் போட்டாலும் வித்தியாசம் தெரியாது.

இனி, எத்தனை மடங்கு என்பது. பொதுவாக இடுப்பளவைப் போல இரண்டு மடங்கு என்று சொல்வார்கள். பருத்தித் துணியில் வெளியே போட்டுக்கொண்டு போகிற பாவாடைக்கு அது சரியான அளவு. உங்கள் ஆசிரியை கேட்பது அது அல்ல, சுற்றும்போது விரிகிற பாவாடை. அதற்கு இடுப்பு மடங்கைப் பார்ப்பதைவிடக் கீழ் ஓரத்தின் மொத்தச் சுற்றளவைப் பார்க்க வேண்டும். குழந்தை சுற்றும்போது பாவாடை எவ்வளவு தூரம் வெளியே போகும் என்பதை அந்தச் சுற்றளவுதான் கட்டிப்போடுகிறது. துணி எவ்வளவு லேசாக இருந்தாலும், மடிப்பு எல்லாம் விரிந்து ஓரம் முழு வட்டமாகிவிட்டால் அதற்கு மேல் போக இடமில்லை.

கணக்காகவே பார்த்துவிடலாம். இடுப்பு 22 இஞ்ச், பாவாடை நீளம் 18 இஞ்ச் என்று வைத்துக்கொள்வோம். இடுப்பை வட்டமாக எடுத்தால் அதன் ஆரம் சுமார் 3½ இஞ்ச். 44 இஞ்ச் அகலத் துணியில் ஒரே அகலம் மட்டும் எடுத்தால் கீழ் ஓரம் 44 இஞ்ச், அதாவது 7 இஞ்ச் ஆரம். எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் ஓரம் உடம்பிலிருந்து 3½ இஞ்ச்தான் விலகும். இடுப்புக்கு இரண்டு மடங்கு துணி இருக்கிறது, ஆனால் விரிந்த மாதிரியே தெரியாது. ஒன்றரை அகலம், அதாவது 66 இஞ்ச் எடுத்தால் ஓரம் 7 இஞ்ச் விலகும். இரண்டு அகலம், 88 இஞ்ச் எடுத்தால் பத்தரை இஞ்ச் விலகி, ஓரம் மூன்றரை இஞ்ச் போல மேலே ஏறும். பார்க்கிறவர்கள் "விரிகிறது" என்று சொல்வது இங்கேதான். குடை மாதிரி தரைக்கு இணையாக விரிய வேண்டும் என்றால் அதே நீளத்துக்கு ஓரம் 135 இஞ்ச் வேண்டும். அது முழு வட்டமாக வெட்டுகிற பாவாடை, சுருக்குப் பாவாடை அல்ல. ஆசிரியை மனதில் இருப்பது எது என்று முதலில் கேட்டுவிடுங்கள். வட்டப் பாவாடைப் படத்தைக் காட்டிவிட்டுச் சுருக்குப் பாவாடை தைக்கச் சொல்வது அடிக்கடி நடப்பதுதான்.

இந்த எண்கள் எல்லாம் உச்ச வரம்பு. தையலுக்குப் போகும் துணியைக் கழித்தால் கொஞ்சம் குறையும். துணி கனமாக இருந்தால், அல்லது குழந்தை ஒரே ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டால், அந்த வரம்பைத் தொடவே தொடாது. 6 வயதுக் குழந்தைக்கு இந்த வரம்பு நல்லதும்கூட. எவ்வளவு சுற்றினாலும் பாவாடை இடுப்பு மட்டத்துக்கு எழும்பாது.

சரி, 88 இஞ்ச் துணியை 22 இஞ்ச் இடுப்பில் அடக்கினால் நான்கு மடங்கு ஆகிறதே, எலாஸ்டிக் தாங்குமா என்று நீங்கள் கேட்பீர்கள். துணியைப் பொறுத்தது. மெல்லிய காட்டன், வாயில் (voile), ஜார்ஜெட் போன்றவை அடங்கும். பாப்ளின் அளவுக்கு உடம்புள்ள, அதாவது கொஞ்சம் விறைப்பான துணி என்றால் இடுப்பில் சுருக்கங்கள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு தடித்த வளையமாக நிற்கும். எலாஸ்டிக்கும் முழுதாகச் சுருங்க முடியாமல் பாவாடை தொளதொளவென்று இருக்கும். அந்த மாதிரித் துணிக்கு மூன்று மடங்கோடு, அதாவது ஒன்றரை அகலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடையில் நிற்கும்போதே ஒரு சோதனை செய்யலாம். துணியின் குறுக்கு ஓரத்தைக் கையில் நெருக்கிச் சுருக்கிப் பிடித்து, மிச்சத்தைக் கீழே தொங்க விடுங்கள். பிடிக்குக் கீழே துணி உடனே நேராக விழுந்தால் நான்கு மடங்குக்குப் போகலாம். வெளியே பிதுங்கிக்கொண்டு நின்றால் மூன்று போதும்.

உடம்புள்ள துணிதான் கிடைத்திருக்கிறது, விரியவும் வேண்டும் என்றால் அடுக்குப் பாவாடை ஒரு வழி. மேல் அடுக்கு ஒரு அகலம், கீழ் அடுக்கு இரண்டு அகலம். இடுப்பு தடிக்காது, ஓரம் 88 இஞ்ச் கிடைக்கும். ஆனால் மேல் அடுக்கு அவ்வளவாக விரியாது, கீழ்ப் பாதிதான் எழும்பும். அதோடு கீழ் அடுக்கை மேல் அடுக்கோடு சேர்க்க நூல் இழுத்துத்தான் சுருக்கு வைக்க வேண்டும், 18 தடவை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் துணியைத்தான் மாற்றுவேன்.

துணியைப் பற்றிச் சுருக்கமாக. முதல் வேலைக்குக் காட்டன் அல்லது பாலியெஸ்டர் கலந்த காட்டன் எடுங்கள். மடித்தால் மடிப்பு நிற்கும், அயர்ன் பண்ணினால் படியும், மிஷினில் வழுக்காது. சாட்டின் மேடை வெளிச்சத்தில் மின்னும், உண்மைதான். ஆனால் வெட்டிய ஓரம் இழை இழையாகப் பிரியும், குண்டூசி குத்தின தடம் போகாது, ஊசி கொஞ்சம் மழுங்கியிருந்தாலும் இழை இழுபட்டுக் கோடு விழும். மின்ன வேண்டும் என்றால் காட்டனில் தைத்துவிட்டுக் கீழ் ஓரத்தில் ஒரு சாட்டின் ரிப்பன் அடியுங்கள். ரிப்பனின் லேசான கனம் ஓரத்தை வெளியே தள்ளும், சுற்றும்போது அது நன்றாகவே தெரியும். ஒரு எச்சரிக்கை: காட்டன் துவைத்தால் சுருங்கும், பாலியெஸ்டர் ரிப்பன் சுருங்காது. நனைக்காத துணியில் ரிப்பன் அடித்தால் முதல் துவையலிலேயே ஓரம் நெளிந்துபோகும். வெட்டுவதற்கு முன்பே துணியை நனைத்துக் காயவைத்து அயர்ன் பண்ணிவிடுங்கள். 18 பாவாடைக்கும் துணியை ஒரே ரோலிலிருந்து, ஒரே நாளில் வாங்குங்கள். ஒரே நிறம் என்று சொல்லிக் கொடுக்கும் இரண்டு ரோலுக்கு நடுவே சாயம் மாறும். வீட்டில் கண்ணுக்குப் பிடிபடாத அந்த வித்தியாசம் மேடையில் வரிசையாக நிற்கும்போது பளிச்சென்று தெரியும்.

அளவு எடுப்பது இரண்டே இரண்டு: இடுப்பு, இடுப்பிலிருந்து கீழே நீளம். வயதை வைத்து இடுப்பை ஊகிக்காதீர்கள், ஒரே வயதில் மூன்று நான்கு இஞ்ச் வித்தியாசம் சாதாரணம். குழந்தையின் இடுப்பில் ஒரு எலாஸ்டிக் துண்டைக் கட்டி, இரண்டு தடவை குனிந்து நிமிரச் சொல்லுங்கள். அது தானாகப் போய் உட்காரும் இடம்தான் இடுப்பு. அங்கிருந்து முழங்காலின் நடு வரை இஞ்ச் டேப் பிடியுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு வயிறு லேசாக முன்னால் தள்ளியிருப்பதால் முன்பக்கம் பாவாடை கொஞ்சம் தூக்கும். அதனால் பக்கவாட்டிலும் முன்பக்கமும் அளந்து, எது அதிகமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

18 பேருக்கு 18 நீளம் வெட்ட வேண்டாம். அளவுகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் மூன்று குழுவாகப் பிரிந்துவிடும். உதாரணமாக 16, 18, 20 இஞ்ச். எல்லோருக்கும் ஓரம் தரையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. உயரமான குழந்தைக்கு முழங்காலுக்குக் கீழே தொங்குகிற பாவாடையும் குட்டைக் குழந்தைக்குத் தொடை வரை ஏறின பாவாடையுமாக வரிசை கோமாளித்தனமாகிவிடும். எல்லோருக்கும் முழங்காலில் முடிந்தால் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும். நீளப் பாவாடைதான் வேண்டும் என்று ஆசிரியை சொன்னால், கணுக்காலுக்கு இரண்டு மூன்று இஞ்ச் மேலேயே நிறுத்துங்கள். இல்லையென்றால் பின்னால் கால் வைத்து நகரும் அசைவில் சொந்தப் பாவாடையையே மிதித்து விழுவார்கள்.

துணிக் கணக்கு இப்படி வரும். முடிந்த நீளம் 18 இஞ்ச். ஒரு இஞ்ச் எலாஸ்டிக் என்றால் அது போவதற்கு மேலே 1¼ இஞ்ச் மடிப்பு, அதன் உள் மடிப்புக்கு அரை இஞ்ச், ஆக 1¾. கீழே ஒரு இஞ்ச் மடிப்பு, உள் மடிப்புக்கு அரை, ஆக 1½. மொத்தம் 21¼ இஞ்ச் நீளத்தில் துண்டுகள் வெட்ட வேண்டும். இரண்டு அகலப் பாவாடைக்கு ஆளுக்கு 2 துண்டு, 18 பேருக்கு 36 துண்டு, 765 இஞ்ச். கிட்டத்தட்ட 19½ மீட்டர், 44 இஞ்ச் அகலத்தில். ஒன்றரை அகலம் என்றால் மூன்று துண்டில் இரண்டு பாவாடை. மூன்றாவது துண்டை நீளவாக்கில் நடுவே வெட்டி ஆளுக்குப் பாதி சேர்த்துவிடலாம். 27 துண்டு, 574 இஞ்ச், ஏறக்குறைய 14½ மீட்டர். இது நடு அளவை வைத்துப் போட்ட கணக்கு, உயரமான குழந்தைகள் அதிகம் என்றால் கூடும். நனைத்தால் சுருங்குவதற்கும் ஒரு உபரிப் பாவாடைக்கும் சேர்த்து இரண்டு மீட்டர் அதிகமாகவே வாங்குங்கள். உபரி ஒன்று கட்டாயம் வேண்டும். கடைசி நேரத்தில் ஒரு பாவாடை கிழியும் அல்லது காணாமல் போகும். எலாஸ்டிக் ஆளுக்குச் சுமார் 21 இஞ்ச், மொத்தம் 10 மீட்டருக்குள் அடங்கும். 11 வாங்கலாம்.

மிஷினில் உட்காருவதற்கு முன் அயர்ன் பாக்ஸை எடுங்கள். துணி தட்டையாக இருக்கும்போதே மேல் மடிப்பையும் கீழ் மடிப்பையும் அளந்து மடித்து அயர்ன் பண்ணிவிடுங்கள். பிறகு மடிப்பைப் பிரித்துவிட்டுப் பக்கத் தையலைப் போடுங்கள். தைத்து முடித்ததும் அயர்ன் தடத்திலேயே மடிப்பு தானாக மடங்கிக்கொள்ளும். வளையமாகத் தைத்த பிறகு மடிக்க ஆரம்பித்தால் ஒவ்வொரு இஞ்சுக்கும் அளந்து குண்டூசி குத்த வேண்டியிருக்கும். மடிப்பு அளவுக்கு ஒரு அட்டைத் துண்டில் கோடு போட்டு வைத்துக்கொண்டு, அதன் மேல் துணியை மடித்து அழுத்தினால் 36 துண்டுக்கும் டேப் தேவையில்லை.

பக்கத் தையலில் உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. முழு அகலத்தையும் எடுப்பதால் இரண்டு பக்கமும் நெய்த ஓரம். அது பிரியாது, ஓவர்லாக் வேண்டாம். அந்த ஓரங்கள் சில துணியில் இறுக்கமாக இருந்து தையலைச் சுருக்கி இழுக்கும். அப்படியானால் இரண்டு இஞ்சுக்கு ஒரு தடவை ஓரத்தில் சின்னதாக வெட்டு விடுங்கள். பாதித் துண்டு சேர்க்கும் பாவாடையில் ஒரே ஒரு ஓரம்தான் வெட்டிய ஓரமாக இருக்கும், அதை மட்டும் மடித்து அடித்தால் போதும். அரை இஞ்ச் உள்ளே தள்ளி, தையல் நீளம் 2½ மில்லிமீட்டரில், ஒரு பாவாடை முடிந்ததும் நூலை வெட்டாமல் அடுத்த பாவாடையை ஊசிக்குக் கீழே விட்டுக்கொண்டே போங்கள். தொடர்ச்சியாக எல்லாவற்றையும் ஓட்டி முடித்த பிறகு நடுவில் இருக்கிற நூலை வெட்டிக்கொள்ளலாம். நேரமும் நூலும் மிச்சம். மொத்தத்தில் ஒரு வேலையை 18 பாவாடைக்கும் முடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள். ஒவ்வொரு பாவாடையாக முழுசாக முடித்தால் கடைசிப் பாவாடை முதல் பாவாடை மாதிரி இருக்காது.

எலாஸ்டிக் கோக்கும்போது எல்லோரையும் படுத்துகிற ஒரு இடம் இருக்கிறது. ஊக்கைக் குத்தி உள்ளே தள்ளிக்கொண்டே வருவீர்கள், பக்கத் தையல் வந்ததும் சட்டென்று நின்றுவிடும். உள்ளே தையலுக்கு விட்ட துணி விரிந்து நின்று, ஊக்கு அதற்கு அடியில் போய்ச் சிக்கியிருக்கும். இதற்கு முன்னாலேயே வைத்தியம் செய்யலாம். மேல் ஓரத்தை மடித்து அடிப்பதற்கு முன், பக்கத் தையலின் உள்துணியை இரண்டு பக்கமும் விரித்து அயர்ன் பண்ணி, மேலே மூன்று இஞ்ச் அளவுக்குப் பாவாடையோடு சேர்த்துத் தட்டையாக அடித்துவிடுங்கள். அப்புறம் மடித்தால் உள்ளே வழி வழுவழுப்பாக இருக்கும், ஊக்கு தடையில்லாமல் ஓடும். மடிப்பை அடிக்கும்போது பின்பக்கத்தில் இரண்டு இஞ்ச் திறந்து விடுங்கள். எலாஸ்டிக்கின் மறுமுனையைத் திறப்புக்குப் பக்கத்தில் ஒரு குண்டூசியால் குத்தி நிறுத்துங்கள், இல்லையென்றால் அதுவும் உள்ளே போய்விடும்.

எலாஸ்டிக்கில் பின்னி நெய்த வகை ஒன்று உண்டு, இழுத்தால் அகலம் குறுகும். அது ஓட்டைக்குள் சீக்கிரம் புரண்டு முறுக்கிக்கொள்ளும். இழுத்துப் பார்த்து, அகலம் மாறாத வகையை எடுங்கள். நீளம், இடுப்பளவில் 2 இஞ்ச் குறைத்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தைக்க 1 இஞ்ச் கூட்டினால் தொடக்கத்துக்குச் சரி. 22 இடுப்புக்கு 21 இஞ்ச் வெட்டலாம். இதை நான் உறுதியான அளவாகச் சொல்லவில்லை. எலாஸ்டிக்குக்கு எலாஸ்டிக் இழுவை மாறும், நான்கு மடங்கு துணியின் எடையும் அதை இழுக்கும். அதனால் முதலில் முனைகளைத் தைக்காமல் ஊக்கால் மாட்டி, ஒத்திகைக்கு அப்படியே போடச் சொல்லுங்கள். குதித்து, கையைத் தூக்கி, சுற்றி, குனிந்து வணங்கி எல்லாம் ஆன பிறகு பாவாடை இருந்த இடத்தில் இருக்கிறதா, வயிற்றில் சிவந்த தடம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். தேவையான அளவு இழுத்தோ விட்டோ அதற்குப் பிறகு முனைகளைத் தையுங்கள். ஊக்கோடு மேடைக்கு அனுப்பாதீர்கள்.

முனைகளை முடிச்சுப் போடக்கூடாது. ஒரு இஞ்ச் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, சதுரமாக அடித்து, குறுக்கே இரண்டு கோடு போடுங்கள். திறப்பை மூடிய பிறகு சுருக்கத்தைச் சுற்றிலும் சமமாகப் பரப்பி, இரண்டு பக்கத் தையலின் மேலும் எலாஸ்டிக்கைச் சேர்த்து நெட்டுக்குத்தாக ஒரு தையல் அடித்துவிட்டால் அது உள்ளே புரளாது. இந்த ஒரு நிமிட வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உள்பக்கம் பின்னால் ஒரு சின்ன ரிப்பன் துண்டை வைத்து அதில் குழந்தையின் பெயரை எழுதுங்கள்.

கீழ் ஓரத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அயர்ன் தடத்தில் மடித்து, மடிப்பின் உள் ஓரத்தை ஒட்டி நிதானமாக ஒரு தையல்.

இனி அறுந்துபோகும் நூல். எலாஸ்டிக் முறையில் உங்களுக்கு அது தேவைப்படாது, ஆனாலும் கேட்டிருக்கிறீர்கள், அடுக்குப் பாவாடை தைக்க நேர்ந்தால் உதவும். நூல் அறுவதற்குப் பெரும்பாலும் காரணம், சாதாரணத் தையல் நீளத்திலேயே ஓட்டிவிட்டு இழுப்பதுதான். தையல் நீளத்தை மிஷினில் இருக்கிற அதிகபட்சத்துக்கு, 4 அல்லது 5 மில்லிமீட்டருக்கு வையுங்கள். மேல் நூலின் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் முன்னும் பின்னும் அடிக்காமல் நாலு இஞ்ச் நூலைத் தொங்க விடுங்கள். ஒரு வரிசை போதாது, கால் இஞ்ச் இடைவெளியில் இரண்டு வரிசை ஓட்டுங்கள். சுருக்கம் சீராக விழும், ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்கும். இழுக்க வேண்டியது பாபின் நூலை. பாபினில் வேறு நிறம் போட்டுக்கொண்டால் எதை இழுக்கிறோம் என்று தேட வேண்டாம். 88 இஞ்சையும் ஒரே நூலில் ஓட்டி ஒரு முனையிலிருந்து இழுத்தால் எந்த நூலும் அறும். பக்கத் தையல் வரும் இடத்தில் நிறுத்தி, புதிதாகத் தொடங்குங்கள். கீழ் அடுக்கையும் மேல் அடுக்கையும் நான்காக மடித்து அடையாளம் வைத்து, கால் காலாகப் பொருத்திச் சுருக்குங்கள். சேர்த்து அடிக்கும்போது சுருக்கம் மேலே தெரியும்படி வைத்தால், எங்காவது மடிந்து மாட்டிக்கொள்வதைக் கண்ணால் பார்த்து ஊசி முனையால் விலக்க முடியும்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மெல்லிய துணிதான் நன்றாக விரியும், அதே துணிதான் பின்னாலிருந்து விளக்கு விழுந்தால் கண்ணாடி மாதிரி ஆகும். வீட்டில் ஒரு விளக்குக்கு முன்னால் பிடித்துப் பார்த்தால் ஓரளவு தெரியும். ஆனால் அந்த மேடையில் விளக்கு எங்கிருந்து அடிக்கும் என்பதை இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. அதனால் எப்படியும் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் உள்ளே ஷார்ட்ஸ் போடச் சொல்லிவிடுங்கள். சுற்றும்போதும் அது வேண்டும். குழந்தைகள் மெழுகுவர்த்தியோ எரியும் விளக்கோ ஏந்தி ஆடுவதாகத் திட்டம் இருந்தால், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, பேட்டரி விளக்காக மாற்றச் சொல்லுங்கள். விரிகிற பாவாடை பக்கத்தில் நிற்கும் குழந்தையின் விளக்கு வரை போகும். காட்டன் சட்டென்று பற்றும். பாலியெஸ்டர், நைலான் நெட் எல்லாம் உருகித் தோலில் ஒட்டும்.

மேலே நெட் ஒன்று போட்டால் இன்னும் விரியுமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். விரியும் தோற்றம் கிடைக்கும். நெட் பிரியாது, ஓரம் அடிக்கவும் வேண்டாம். ஆனால் இடுப்பில் அதையும் சேர்த்து மடித்தால் எலாஸ்டிக் போகும் வழி தடிக்கும், வெட்டிய நெட் ஓரம் வயிற்றில் குத்தும். நெட்டைத் தனியாகச் சுருக்கி, எலாஸ்டிக் மடிப்புக்குக் கீழே வெளிப்பக்கமாக அடித்து, அந்தத் தையலை ரிப்பனால் மூட வேண்டியிருக்கும். அதாவது நூல் இழுக்கிற வேலை திரும்பி வந்துவிடும். இந்த வாரமே ஒரே ஒரு மாதிரிப் பாவாடையை நெட்டோடு தைத்து, ஒரு குழந்தைக்குப் போட்டுச் சுற்றச் சொல்லி ஆசிரியையிடம் காட்டுங்கள். பிறகு நெட்டை எடுத்துவிட்டும் ஒரு தடவை சுற்றச் சொல்லுங்கள். நெட் வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டால் மேலே சொன்ன மீட்டர் கணக்குக்கே துணி வாங்கலாம்.